முதல் பயனாளியின் பேட்ஜ்

உலக மக்களுக்கு ஒரு நற்செய்தி: வரும் வெள்ளி காலை பத்தரை மணிக்குப் புற்றுநோய் ஒழிக்கப்படுகிறது. மதிய விருந்து உண்டு.

அழைப்பிதழில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள்.

முதல் பயனாளி பூவாத்தாள். கல்லீரலில் கட்டி. மற்ற மருத்துவமனைகள் கைவிரித்த பிறகு காந்த மருத்துவ மையம்தான் கடைசி வழி. நஞ்சுக்கு நிகரான மருந்தைச் சுமக்கும் நுண்துகள்களை ரத்தத்தில் ஏற்றுவார்கள். இடுப்பில் கட்டிய காந்தக்கச்சை அவற்றைக் கட்டியிடம் இழுத்து நிறுத்தும். துகளுக்குக் கட்டியும் தெரியாது, கல்லீரலும் தெரியாது. காந்தம் இருக்கும் பக்கம் போகும், அவ்வளவுதான்.

ஊசிக்கு முன் தாலி, கொலுசு, கொண்டை ஊசிவரை கழற்றி வாங்கினார்கள். விருந்தினர்களுக்கும் ஊசி ஆயிற்று. நோயில்லாதவர்களுக்குக் கச்சை வேண்டாம், துகள்கள் உடம்பைச் சுற்றிவந்து காவல் காக்கும் என்றார் இயக்குநர் நரசிம்மலு. அமைச்சருக்கும் போட்டார், தமக்கும் போட்டுக்கொண்டார்.

பூவாத்தாளைச் சக்கர நாற்காலியில் மேடையேற்றியதும் கச்சையின் மின்காந்தத்தால் மைக் இரைந்தது.

"கச்சையைக் கொஞ்சம் குறைங்கப்பா, பேச்சு கேட்க வேண்டாமா?" என்றார் நரசிம்மலு. குறைத்தார்கள்.

வரவேற்புக் குழு அம்மாள் எல்லோர் இடது மார்பிலும் குஞ்சம் வைத்த பேட்ஜை ஒட்டிக்கொண்டே வந்தார். பட்டு கிழியக்கூடாதென்று ஊசிக்குப் பதில் பின்னால் காந்தம். புதுவகைக் காந்தமாம், எருமையையே தொங்கவிடலாமாம்.

அமைச்சர் பேசத் தொடங்கினார்.

"ஏனுங்க டாக்டர், நெஞ்சை என்னமோ கவ்விப் பிடிக்குதுங்க" என்றாள் பூவாத்தாள்.

"மேடைக் கூச்சம்மா. ஐயா முடிக்கட்டும்."

"அக்காவுக்கு வேர்த்து ஊத்துதுங்க!" தங்கை தெய்வானை மேடைக்கு ஓடிவந்து, காற்றுப்படட்டும் என்று முந்தானையைத் தளர்த்தினாள். பேட்ஜ் கழன்று விழுந்தது.

பூவாத்தாள் ஆழமாக மூச்சு விட்டாள்.

குழு அம்மாள் பாய்ந்து வந்து எடுத்தார். "பேட்ஜ் இல்லாம மேடையில உட்காரக்கூடாதுங்க. போட்டோவுல நல்லாவா இருக்கும்?" அதே இடத்தில் ஒட்டி, தட்டியும் கொடுத்தார்.

பூவாத்தாளின் தலை தோளில் சாய்ந்தது.

"அக்கா!" தெய்வானையின் கூச்சல் ஒலிபெருக்கியில் அமுங்கிப்போனது. நரசிம்மலு எழுந்தார்; ஓரடி வைத்து, இடது மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசிக்கொண்டிருந்த அமைச்சரும் நெஞ்சில் கைவைத்தார். குரல் தழுதழுத்து நின்றது. பிறகு வரிசையாக மேடை முழுவதும் நெஞ்சில் கை.

தலைவர்கள் உருகுகிறார்கள் என்று கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

பேட்ஜ் எதுவும் கீழே விழவில்லை.