தொரிபியோவின் இடது கை

பொத்தோசியில் வந்து இறங்கியதும் ஹெர்னான் செய்த முதல் காரியம், பேருந்து நிலையத்துப் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்ததுதான். சமவெளியிலிருந்து எங்கள் மலை உயரத்துக்கு வருகிற எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் கோக்கா இலைக் கஷாயம் வாங்கிக் கொடுத்து, இரண்டு நாள் படி ஏறாதே, மாமிசம் தின்னாதே என்று சொல்லி, சந்தைக்குப் பின்னால் இருக்கும் விடுதியில் படுக்க வைத்தேன். என் பிழைப்பு அது. ஒரு பழைய ஜீப் வைத்திருக்கிறேன். ஊர் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவேன்.

ஹெர்னான் அர்ஜென்டினாக்காரன். ரொசாரியோவில் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். இருபத்தாறு வயது. ஒல்லி, தடித்த மூக்குக்கண்ணாடி, ஓயாத பேச்சு. மூன்றாம் நாள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்ததும் நாணயச்சாலை, சுரங்கம், தேவாலயங்கள் என்று எல்லாவற்றையும் மூச்சு வாங்க வாங்கப் பார்த்து முடித்தான். பிறகு யாரோ அவனிடம் சிலுவைத் திருநாள் சண்டையைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். அதைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்றான். எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். ஒரு தாளை எடுத்துப் பார்த்து, சாக்கமாயு என்றான்.

சாக்கமாயு என் ஊர். நான் அங்கே போய் ஆறு வருடம் ஆகியிருந்தது.

பாதை சரியில்லை என்றேன். ஜீப்பில் பிரேக் சரியில்லை என்றேன். அப்படியானால் லாரியில் தொற்றிக்கொண்டு போகிறேன் என்றான். அந்த மூச்சை வைத்துக்கொண்டு லாரியில் போனால் வழியிலேயே மயங்கி விழுவான். அதனால்தான் சம்மதித்தேன் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். உண்மையில் ஏன் சம்மதித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் ஊரில் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு உண்டு. வருடம் முழுக்க ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து, உழவுமாடு இரவல் வாங்கி ஒன்றாகத்தான் இருப்போம். மே மாதம் சிலுவைத் திருநாள் அன்று மட்டும் தேவாலயத்துக்கு முன்னால் கைமுட்டியால் அடித்துக்கொள்வோம். மண்ணுக்கு ரத்தம் கொடுத்தால்தான் உருளைக்கிழங்கு விளையும். எவனாவது செத்துப்போனால் வழக்கு கிடையாது, பழி கிடையாது.

நான் மேல்பாதி. என் அக்கா பாசிலியாவைக் கீழ்பாதியில் தொரிபியோவுக்குக் கட்டிக்கொடுத்தோம். தொரிபியோ இடது கைக்காரன். வலது தோளைத் தாழ்த்தி, நாக்கை இரண்டு தரம் சொடுக்குவான். அதற்கப்புறம் இடது கை எங்கிருந்து வந்தது என்று அடி வாங்கியவன் தரையில் கிடந்துதான் யோசிக்க முடியும். மூன்று வருடம் தொடர்ந்து என்னை வீழ்த்தினான். என்னைச் சுண்டெலி என்று கூப்பிடுவான். மூன்றாம் வருடம் ஊரே சிரித்தது. அக்காவும் சிரித்தாள்.

நான்காம் வருடம் கையில் சுற்றிக்கொள்ளும் கம்பளிப் பட்டைக்குள் ஒரு கல்லை வைத்துக் கட்டினேன்.

நெற்றிப்பொட்டில் ஒரே அடி. விழும்போது தேவாலயப் படியில் தலை மோதியதால் செத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். கல்லை ஆற்றில் எறிந்துவிட்டேன். அந்த வாரமே பொத்தோசிக்கு வந்துவிட்டேன்.

விடிந்ததும் கிளம்பி, பத்து மணி வாக்கில் நானும் ஹெர்னானும் ஊரை அடைந்தோம். இரண்டு மலைச்சரிவிலிருந்தும் குழலோசை இறங்கி வந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்கச் சோளக் கள்ளு வாடையும் சாணப்புகையும். என்னைப் பார்த்தவர்கள் தோளைத் தட்டினார்கள், கோப்பையை நீட்டினார்கள். யாருக்கும் என் மேல் எதுவும் இல்லை. அக்கா தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். ஆறு வருடம் கழித்து வந்த தம்பியை அவள் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நின்ற ஹெர்னானைத்தான் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சூப் ஊற்றினாள். வீட்டில் அவள் ஒருத்திதான். ஹெர்னான் மெல்லிய சட்டை போட்டிருந்தான், பற்கள் அடித்துக்கொண்டன. அக்கா எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய கறுப்பு மேலங்கியை எடுத்து வந்தாள். தொரிபியோவுடையது. செத்த அன்றைக்கு அவன் போட்டிருந்தது. கழுத்துப்பட்டையில் அவன் ரத்தக்கறை அப்படியே காய்ந்திருந்தது. ஆறு வருடமாக அவள் அதைத் துவைக்கவில்லை. அதிலிருந்து இன்னும் அவன் வியர்வை வாடை வந்தது.

ஜீப்பில் என் போர்வை இருக்கிறது, அதைக் கொண்டுவருகிறேன் என்றேன்.

"குளிருதுன்னு வந்தவனுக்கு எதைக் குடுக்கணும்னு எனக்குத் தெரியும். நீ உக்காரு" என்றாள் அக்கா.

மேலங்கி அவனுக்குப் பெரிதாக இருந்தது. கை நுனி விரல்களைத் தாண்டித் தொங்கியது. ஹெர்னான் சிரித்துக்கொண்டே, சர்க்கஸ் கோமாளி மாதிரி இருக்கிறேனா என்று என்னிடம் கேட்டான். அக்கா அவன் சண்டைக்குப் போடும் மாட்டுத்தோல் தலைக்கவசத்தையும் கொண்டுவந்து ஹெர்னானைப் பார்த்து நின்று, அவன் தலையில் வைத்தாள். தாடை வாரை அவளே கட்டினாள்.

அவன் பேச்சு நின்றுவிட்டது.

கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு இடது கையால் எடுத்தான். தட்டை வழித்துக் குடித்தான். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்தான். கண்ணாடி இல்லாமல் உனக்கு எதுவும் தெரியாதே என்றேன். அவன் திரும்பவில்லை. வாசலுக்கு வெளியே போய், தேவாலயத்துக்கு ஏறும் செங்குத்துப் பாதையில் ஓடினான்.

பத்து அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கியவன், ஒரு தரம்கூட நிற்காமல் ஓடினான்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது சண்டை தொடங்கிவிட்டது. உச்சி வெயில். பெண்கள் வட்டமாக நின்று கீச்சுக்குரலில் பாடினார்கள். நடுவில் எங்கள் மேல்பாதிக் குமெர்சிந்தோ நின்றிருந்தான். சிமென்ட் மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்குகிற ஆள். அவனுக்கு எதிரே ஹெர்னான்.

மேலங்கி இப்போது அவனுக்குச் சரியாக இருந்தது.

தோள் நிறைந்து, முதுகு புடைத்து, தைத்து வைத்த மாதிரி இருந்தது. வெளியூர்க்காரன் ஆடுகிறான் என்று கீழ்பாதிக்காரர்கள் சிரித்தார்கள். ஹெர்னான் வலது தோளைத் தாழ்த்தினான்.

நாக்கை இரண்டு தரம் சொடுக்கினான்.

குமெர்சிந்தோவின் மூக்கு உடைந்த சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது. அவன் விழுந்த பிறகும் அடி நிற்கவில்லை. நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, வாயில், வாயில், வாயிலேயே அடித்தான். உடைந்த பற்கள் உதட்டைக் கிழித்து வெளியே வந்தன. அவனை இழுத்து விலக்கப் போன ஒருவனின் முழங்கை பிசகிவிட்டது. இரண்டு போலீஸ்காரர்கள் சாட்டையோடு ஓடிவந்தார்கள். முதுகில் விழுந்த அடி எதுவும் அவனுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

பாட்டு நின்றது.

அவன் எழுந்து என் பக்கம் திரும்பினான்.

அந்தக் கண்கள் என்னைத் தேடவே இல்லை. நான் எங்கே நிற்கிறேன் என்று அவற்றுக்கு முன்பே தெரிந்திருந்தது.

"வாடா சுண்டெலி" என்றான்.

எங்கள் கெச்சுவாவில் சொன்னான். எங்கள் பள்ளத்தாக்குக்காரன் மட்டும் இழுக்கிற மாதிரி இழுத்துச் சொன்னான். ஹெர்னானுக்கு அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது.

ஓடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவன் வந்துவிட்டான். முதல் அடி விலாவில் விழுந்தது. உள்ளே ஏதோ முறிந்தது. இரண்டாவது அடி வாயில். நான் திருப்பி அடித்தேன், அடித்தது நிஜம். அவன் உதடு கிழிந்து என் முகத்தில் ரத்தம் தெறித்தது. அவன் சிரித்தான். அது தொரிபியோவின் சிரிப்பு, மூக்கால் சிரிப்பது.

"கல்லு கொண்டாந்தியாடா? கட்டிட்டு வா. நான் நிக்கிறேன்."

அதை இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் அறிவேன்.

அவன் இடது கை எப்போதோ உடைந்துவிட்டிருந்தது. விரல்முட்டியில் தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அந்தக் கையாலேயே அடித்தான். அந்த எலும்புதான் என் இடது கண்ணில் இறங்கியது. நான் தேவாலயப் படியில் விழுந்தேன். அவன் என் மேல் உட்கார்ந்தான். அவன் காதிலிருந்து ரத்தம் வழிந்து என் கழுத்தில் சொட்டியது. அந்த மெலிந்த உடம்புக்கு உள்ளே இருந்தவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கை தரையைத் துழாவியது. உருளைக்கிழங்கு அளவுக்கு ஒரு கல் அகப்பட்டது.

கல் தலைக்கு மேலே உயர்ந்தது.

மீதிக் கண்ணால் அக்காவைப் பார்த்தேன். கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். ஓடி வரவில்லை, அழவில்லை.

"அக்கா, கல்லு இருந்துச்சு. கைக்குள்ள கல்லு வச்சுக் கட்டியிருந்தேன். நான்தான் கொன்னேன்" என்றேன்.

மேல்பாதி, கீழ்பாதி எல்லோரும் கேட்டார்கள். அக்கா மெதுவாக நடந்து வந்து எங்கள் பக்கத்தில் குந்தினாள்.

"தெரியும். ஆறு வருஷமா அவரு சொல்லிக்கிட்டேதான் இருக்காரு. உன் வாயால கேக்கணும்னு இருந்தோம்" என்றாள்.

இருந்தேன் என்று சொல்லவில்லை. இருந்தோம் என்றாள்.

பிறகு அவன் தோளில் கை வைத்து, வீட்டில் சோறு போடும்போது பேசுகிற குரலில், "போதும், விடுங்க" என்றாள்.

கல் என் காதோரம் விழுந்தது. மேலங்கிக்குள் இருந்த உடம்பு காற்றுப் போன டயர் மாதிரிச் சுருங்கி என் மேல் சரிந்தது. அக்கா வாரை அவிழ்த்தாள், மேலங்கியை உருவினாள், தூசி தட்டி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். ஹெர்னானின் மெல்லிய சட்டை முழுக்க நனைந்திருந்தது. குளிரில் அவன் பற்கள் மறுபடியும் அடித்துக்கொள்ள ஆரம்பித்தன.

போலீஸ்காரர் ஒருவர் என் ஜீப்பை ஓட்டி எங்களைப் பொத்தோசிக்குக் கொண்டுவந்தார். திருவிழாவில் கேட்டதைத் திருவிழாவிலேயே விட்டுவிட்டதாகச் சொன்னார். கணவாய் தாண்டும்போது ஹெர்னான் கண் விழித்தான். மலைப்பாதையில் உருண்டு விழுந்தேனா என்று என்னைக் கேட்டான். சூப் குடித்தது வரை ஞாபகம் இருந்தது. நான் ஆமாம் என்றேன். மருத்துவமனையில் அவன் கையில் ஏழு கம்பிகள் வைத்தார்கள். அந்தக் கை இனி ஒரு திருப்புளியைக்கூடப் பிடிக்காது என்றார்கள். என் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து அவனுடைய தங்கை வந்து அவனை விமானத்தில் கூட்டிக்கொண்டு போனாள். கிளம்பும்போது குழந்தை மாதிரி என்னைக் கட்டிக்கொண்டான். உடைந்த என் விலா வலித்தது. அவனிடம் உண்மையைச் சொல்லாமலே அனுப்பி வைத்தேன்.

குமெர்சிந்தோ பிழைத்துக்கொண்டான். ஊரிலிருந்து யாரும் என்னைத் தேடி வரவில்லை. நான் நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லித் தீர்த்ததும் தீர்ந்துவிட்டது என்றே நினைத்தேன்.

இந்த ஏப்ரல் மாதம், ஒரு பகல்பொழுதில், ஹெர்னானின் தங்கை ரொசாரியோவிலிருந்து போனில் ஒரு குரல்பதிவு அனுப்பினாள். அண்ணன் நன்றாக இருக்கிறான், கடையைத் திறந்துவிட்டான் என்றாள். ஒரு வாரமாகத்தான் இப்படி, கடையில் தனியாக இருக்கும்போது யாரிடமோ பேசுகிறான், கேட்டால் பேசவே இல்லை என்கிறான், இது உங்கள் பக்கத்து மொழியா, என்ன சொல்கிறான் என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே கதவுக்கு வெளியே நின்று அவள் பதிவு செய்தது இருந்தது.

சைக்கிள் சக்கரம் சுற்றுகிற சத்தம். அதற்கு நடுவே ஒரு குரல், இழுத்து இழுத்து.

"பாசிலியா, சோளத்த ஊறப் போடு. திருநாளுக்கு நாள் இல்ல."

நான் ரொசாரியோவுக்குப் பதில் அனுப்பவில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன். பதிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சும்மா, என்ன செய்கிறாய் என்று மட்டும் கேட்டேன்.

"கள்ளு காய்ச்சணும்ல, நேத்தே ஊறப் போட்டுட்டேன்" என்றாள். பிறகு கொஞ்சம் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் யார் சொல்வதையோ கேட்டாள்.

"இந்த வருஷமும் நீ வரணுமாம். இன்னொரு கண்ணு இருக்கான்னு கேக்குறாரு."