பயத்துக்கு எட்டு மதிப்பெண்

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரி வீட்டில் இருந்தவர்களை வயதுப்படி சொல்வதுதான் முறை. அத்தை செல்வலட்சுமி. ஆறாம் வகுப்பு அஞ்சனா. அவளோடு படிக்கும் பக்கத்து வீட்டு ஜிதின். முதல் வகுப்பில் இருக்கும் அஞ்சனாவின் தங்கை கங்கா. வாசலில் செம்பி என்ற ஆடும் அதன் குட்டியும். வேறு யாரும் இல்லை.

கங்கா அழுதுகொண்டிருந்தாள்.

"செம்பி குட்டியை விட்டுட்டு ஓடிருச்சு."

ஓடியது வாசலில் நின்ற செம்பி அல்ல. பள்ளி மடிக்கணினியில் அஞ்சனா செய்திருந்த விளையாட்டுக்குள் இருந்த செம்பி. அந்த ஆடு தானாகவே முடிவெடுத்து நடக்கவேண்டும் என்று அவள் மூன்று விதிகளை வரிசையாக எழுதியிருந்தாள். நாய் வந்தால் ஓடு. நாய் இல்லையென்றால், புல்லைத் தின்னு. புல்லும் இல்லையென்றால், குட்டியிடம் போ.

நாய் வந்தது. ஆடு முதல் விதியைப் பிடித்துக்கொண்டு பறந்தது. குட்டி தனியாக நின்றது.

"நம்ம வீட்டு ஆடு அப்படிச் செய்யாது," என்றாள் அத்தை, கறிவேப்பிலையை உருவியபடி. "நாளைக்குப் பள்ளிக்கூடமே பார்க்கப் போகுது. ஒண்ணு ஆட்டை மாத்து, இல்லைன்னா பேரை மாத்து."

பேரை மாற்ற அஞ்சனாவுக்கு மனம் வரவில்லை.

"குட்டியை முதல் விதியா வச்சிடு," என்றான் ஜிதின்.

வைத்தாள். செம்பி குட்டியை ஒட்டியே நின்றது. விளையாட்டில் காலை போனது, மதியம் போனது. புல் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில் பசியில் சுருண்டு விழுந்தது. கங்கா முன்பைவிடச் சத்தமாக அழுதாள்.

"வேண்டாம், பழையபடி பட்டி வந்தா ஓடட்டும்," என்றான் ஜிதின். அவன் பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். மலையாளத்தில் பட்டி என்றால் நாய்.

உசிலம்பட்டியிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன அத்தைக்குப் பட்டி என்றால் ஆடு அடைக்கிற இடம்.

"பட்டியைப் பார்த்து ஆடு எதுக்குடா ஓடணும்? பகல் பூரா புல்லு புல்லுன்னு அலையும். சாயங்காலம் பட்டிக்கு வந்துட்டா, புல்லை அள்ளிக் கொட்டினாலும் பார்க்காது. குட்டியைத்தான் தேடும்."

"அத்தே, பட்டின்னா இங்கே நாய்."

"நாய்க்குப் பட்டின்னு பேரா? நல்ல ஊருடா உங்க ஊரு."

ஜிதின் விழுந்து விழுந்து சிரித்தான். அஞ்சனா சிரிக்கவில்லை. பகலில் புல் பெரிது. சாயங்காலம் குட்டி பெரிது. ஆனால் ஆடு ஒன்றுதான்.

"வரிசையே வேண்டாம் ஜிதின். எதை முதல்ல வச்சாலும் தப்பாகுது. மதிப்பெண் போடலாம்."

"ஆட்டுக்குப் பரீட்சையா?"

"ஆடு நினைக்கிறதுக்கு மதிப்பெண். பசி ஏற ஏறப் புல்லுக்கு ஏறும். நாய் கிட்டே வர வரப் பயத்துக்கு ஏறும், எட்டு வரைக்கும். எதுக்கு அதிகமோ அதை ஆடு செய்யும். நாய் குட்டிகிட்டே போனா..." அவள் தங்கையைப் பார்த்தாள். "குட்டிக்கு எத்தனை போடலாம்?"

கங்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நூறு."

"பத்துக்குள்ளே சொல்லு."

"பத்து."

விளையாட்டு மறுபடி ஓடியது. செம்பி நிம்மதியாக மேய்ந்தது. நாய் வந்தது. செம்பி நாலு எட்டு ஓடியது. நாய் குட்டியின் பக்கம் திரும்பியது. ஓடிய செம்பி நின்றது. திரும்பி வந்து, நாய்க்கும் குட்டிக்கும் நடுவில் நின்றுகொண்டது. நாய் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறு வழியில் போனது.

கங்கா எழுந்து வாசலுக்குப் போய், நிஜச் செம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பேரு இருக்கட்டும்," என்றாள் அத்தை.

திங்கட்கிழமை பள்ளியே அந்த விளையாட்டைப் பார்த்தது. அஞ்சனா வீட்டு ஆட்டுக்குப் பயமே கிடையாது என்று இப்போது தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. பயத்துக்குக் கொடுத்த எட்டு மதிப்பெண் அப்படியேதான் இருக்கிறது. குட்டிக்குப் பத்து.