மோப்பன் கண்ட பழுது

மூன்றாவது முறையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

கோவில்பட்டி புகைச் சோதனை நிலையத்தின் கூரையில் தொங்கும் மோப்பன் என்ற கருவி, வண்டிக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள காற்றை ஒரே இழுப்பில் முகர்ந்து கோளாறைச் சொல்லிவிடும். தோற்ற வண்டிக்கு ஏழு நாள் தவணை. அதற்குள் பழுது பார்த்துத் தேறாவிட்டால் எட்டாம் நாள் வண்டி கிளம்பவே கிளம்பாது. இன்று ஏழாம் நாள். நாளை சாத்தூரில் மகள் நறுமுகைக்கு வளைகாப்பு. பிறந்த குழந்தையாக அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அதே வேனில், பிரசவத்துக்கும் அழைத்து வருவதாகத் தர்ஷன் சொல்லியிருந்தார்.

சோதனைச் சீட்டில் மறுபடி அதே வரி: 'கொழுப்பு அரைகுறையாக எரிகிறது.'

புங்க எண்ணெயில் ஓடும் வேன் அது. எண்ணெயும் கொழுப்புதானே என்று வடிகட்டியை மாற்றினார், தெளிப்பானைக் கழற்றிக் கழுவினார். வேன் தும்மினால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஓட்டுநர் இருக்கையில் வேறு யாரையும் உட்கார விடமாட்டார். உரிமம் வைத்திருந்த மனைவி ஜனனிகாவுக்கும் இருபத்தாறு வருடமாக இடதுபக்கம்தான்.

"கடைசியா ஒரு தடவை பாத்துருவோம் அண்ணாச்சி," என்றாள் சோதனை அலுவலர் யாழினி.

தர்ஷன் ஒரு போத்தல் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, கழிப்பறைக்கு ஓடினார். அன்று காலையிலிருந்து ஐந்தாவது முறை. பின்னால் நின்றவர்கள் ஒலியெழுப்பவே, ஜனனிகா ஜன்னல்களைத் திறந்துவிட்டு வேனை மெல்ல முன்னே நகர்த்தினாள்.

பச்சை எரிந்தது.

ஓடிவந்த தர்ஷன் பூரித்துப்போய், அவளை நகரச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். சிவப்பு. யாழினி இறங்கச் சொன்னாள். சற்று நேரத்தில் பச்சை. ஏறச் சொன்னாள். சிவப்பு.

"வண்டி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி, தேறிடுச்சு. வாடை உங்க மூச்சுல வருது. உடம்பு சர்க்கரையை எரிக்க முடியாம கொழுப்பை எரிச்சா இப்படித்தான் வரும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

இந்த ஒரு மாதத்தில் தான் பிடித்துத் தைத்த இரண்டு சட்டைகள் ஜனனிகாவின் நினைவுக்கு வந்தன. வெயிலுக்கு இளைத்துவிட்டேன் என்று அவர் சொன்னதை அவளும் நம்பியிருந்தாள்.

"நாளைக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வந்துட்டு அப்புறம் போறேன்," என்றார் தர்ஷன்.

"இதுவே வண்டிக்கு வந்திருந்தா நாளைக்குன்னு சொல்வீங்களா?" ஜனனிகாவுக்கு அழுகை முட்டியது. "இறங்கி அந்தப் பக்கம் வாங்க."

தர்ஷன் சாவியை அவளிடம் நீட்டினார். இறங்கி, முதன்முறையாக இடதுபக்கம் உட்கார்ந்தார். ஜன்னல்கள் திறந்திருக்க, ஜனனிகா ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள்.

மறுநாள் மாலை, கை நிறைய வளையல்களுடன் நறுமுகை நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தர்ஷனின் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"அம்மா வண்டியை ஒழுங்கா ஓட்டினாளா?"

"உங்களை விட மெதுவாத்தான் ஓட்டினாங்கப்பா," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தவள் அழுதுவிட்டாள்.

படுக்கையின் தலைமாட்டில் அந்தச் சிவப்புச் சீட்டை ஜனனிகா ஒட்டி வைத்திருந்தாள். 'ஏழு நாளில் பழுது நீக்கி மறுசோதனைக்கு வரவும்' என்றது அது. மேலே இருந்த வண்டி நம்பரை அடித்துவிட்டு, பேனாவால் தர்ஷன் என்று எழுதியிருந்தாள்.