கோணிமேல் ஒரு கியர்பாக்ஸ்

பிரகாசம் கேள்வித்தாளை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இருந்தார். பஸ் ஷெட் வாசலில் உட்கார்ந்திருந்த அவர் மகள் தபீதாளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. 

அப்பாவை அவள் நைனா என்பாள். நைனா பள்ளிக்கூடமே போகாதவர் இல்லை. எட்டு வருஷம் போனார். எட்டு வருஷமும் அடி வாங்கினார். "படிக்கப் போனா எழுத்துங்க இடம் மாறிக்கினே கீது கண்ணு" என்பார். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வரும்போது பஸ் போர்டு படிக்கத்தான் அவளையும் கூட்டி வந்திருந்தார்.

மெக்கானிக் வேலை கேட்டு அவர் வந்திருக்கும் மூன்றாவது இடம் இது. இங்கேயும் கிடைக்காவிட்டால் மூட்டை தூக்க மெட்ராசுக்குத் தனியாகப் போய்விடுவார். நைனா இல்லாத வீட்டை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

"ஏமய்யா, பத்து நிமிஷம் ஆச்சு. முதல் கேள்வியாவது படிச்சியா?" என்றார் ஃபோர்மேன் செங்கல்வராயன்.

நைனா முதல் வரியில் விரலை வைத்துத் தடவினார்.

"ஒரு தாளைப் படிக்கத் தெரியல, கியர்பாக்ஸ் எப்படித் தெரியும்? வெச்சிட்டுக் கிளம்பு."

தபீதாள் எழுந்தாள்.  நேராக உள்ளே போய்விட்டாள்.

"சார், எங்க வீட்டுல ஒரு விளையாட்டு கீது. நைனா மோட்டாரைப் பிரிச்சுக் கோணிமேல பரப்பிட்டுக் கண்ணை மூடிக்குவாரு. நான் ஒரு சாமானை ஒளிச்சு வெப்பேன். எதுன்னு கரெக்டா சொல்லிடுவாரு. நான் ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல. நீங்க விளையாடிப் பாருங்க சார்!"

ஃபோர்மேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷெட் மூலையில் ஒரு பஸ்ஸின் கியர்பாக்ஸைப் பிரித்துக் கோணிமேல் பரப்பியிருந்தார்கள். "திரும்பி நில்லய்யா" என்று சொல்லிவிட்டு, அதிலிருந்து ஒரு வளையத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நைனா திரும்பினார். கோணியையே பார்த்தார்.  விரலால் காற்றிலேயே ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

"ரெண்டு சாமானைக் காணோம் சார்."

தபீதாளுக்குப் பகீரென்றது. அவள் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள், அவர் எடுத்தது ஒன்றுதான்!

"நான் ஒண்ணுதான் எடுத்தேன். யோசிச்சுச் சொல்லு." ஃபோர்மேன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

'ஒண்ணுன்னு சொல்லிடு நைனா!' அவள் மனசுக்குள் கெஞ்சினாள்.

"ரெண்டுதான் சார். நீங்க எடுத்தது வளையம். இன்னொண்ணு கியரைப் பிடிச்சு நிறுத்துற சின்ன ஸ்பிரிங்கு. மூணு ராடுக்கு மூணு வேணும், இங்க ரெண்டுதான் கீது. இந்த பஸ் மேடு ஏறும்போது கியர் தானா நழுவுமே?"

ஷெட்டில் இருந்தவர்கள் வேலையை விட்டு எட்டிப் பார்த்தார்கள். இரண்டு மாதமாக மலைப்பாதையில் அந்த பஸ்ஸுக்கு அதுதான் வியாதி. யாருக்கும் காரணம் தெரியவில்லை.

ஃபோர்மேன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்பிரிங்கை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். இரண்டுதான் இருந்தது.

"புத்தகத்தைப் பார்த்து எல்லா சாமானும் இருக்குன்னு டிக் போட்டு வெச்சிருக்கானுங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வளையத்தை எடுத்து நைனாவின் கையில் வைத்தார். "திங்கட்கிழமை குடும்பத்தோட வந்துடு. இதை நீதான் பூட்டணும். பொண்ணை இங்கேயே பள்ளிக்கூடத்துல சேர்த்துடலாம்."

"அந்தத் தாளு சார்?" என்றாள் தபீதாள்.

"கிரீஸ் துடைக்க ஆகும்!"

பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகும் அவள் நைனாவின் கையை விடவில்லை. "இனிமே மெட்ராசுக்குப் போகமாட்டியே நைனா?"

"அங்க எனக்கு போர்டு படிக்க யாரு கீறாங்க?"

சித்தூர் பஸ் வந்தது. தபீதாள் பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும்படி போர்டைப் படித்தாள்.