நான்கு வயரும் ஓர் இனிப்புப் பெட்டியும்

"ஐயோ, கையை எடுங்க! கரண்ட் ஓடும்போது மோட்டார் வயரைப் புடுங்குவாங்களா?"

கத்திய பிறகுதான் நெஸ்மாவுக்கு உறைத்தது... இது யாரோ ஒருவரின் பட்டறை. பழுது பார்க்க அம்மாவின் உடைந்த ஸ்டூலோடு வந்தவள் மழைக்கு ஒதுங்கிய இடம். எகிப்தின் தமியெத்தா நகரில் தெருவுக்குப் பத்து மரப்பட்டறை. போயும் போயும் இங்கேயா வாயைத் திறக்க வேண்டும்!

போன மாதம் பெண் கேட்டு வந்தவன் மின்சாரத்தைப் பற்றி ஏதோ அளந்தான். அவன் தாய் முன்னாலேயே நெஸ்மா அவனைத் திருத்தினாள். டீயைக்கூட முடிக்காமல் எழுந்து போனவன்தான். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே பாட்டு: "உன் வாயால நீ வீட்டோடதான் இருக்கப் போறே!"

மெஷின் முன்னால் நின்றவன் நிமிர்ந்தான். மரத்தூள் படிந்த இமைகள்... உள்ளே தேன் நிறக் கண்கள். நெஸ்மாவின் நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டது.

"நீங்க யாருங்க?"

"டெக்னிக்கல் ஸ்கூல்ல மோட்டார் பாடம் எடுக்கறவ."

"இன்ஜினியரம்மா! இது இந்த பாசெம் சொந்தக் கையால கட்டின, மரம் செதுக்குற மெஷின். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் அது குளிர்ல நிக்கிற மாதிரி நடுங்குது?"

உண்மைதான். முன்னும் பின்னும் ஒழுங்காக ஓடிய மெஷின், பக்கவாட்டில் மட்டும் உறுமி உறுமி நின்ற இடத்திலேயே நின்றது.

"அந்தப் பக்கத்துக்குப் புது மோட்டார். பழசுல எந்த நிற வயர் எங்க இருந்துச்சோ, அப்படியே மாட்டியிருக்கேன்."

"நிறத்தைப் பார்த்தா மாட்டினீங்க?"

அவளுக்குச் சிரிப்பு முந்திக்கொண்டது. வேலையாட்களும் சேர்ந்து சிரித்தார்கள். பாசெமின் காது மடல்கள் சிவந்தன.

"ஸ்டூலை வச்சிட்டுப் போங்க. மழை விட்டாச்சு."

மழை விடவில்லை. ஸ்டூல் பலகையில் சாக்பீஸால் பெயரும் முகவரியும் எழுதிவிட்டு நனைந்துகொண்டே நடந்தாள். வழியெல்லாம் அழுகை. அவன் கோபித்ததற்காக இல்லை... அந்தக் கண்களை இனிப் பார்க்க முடியாதே!

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த நேரம். வெளியே தூறல். அம்மா கதவைத் திறந்தாள். இஸ்திரி போட்ட சட்டையில் பாசெம்! ஒரு கையில் கால் பூட்டிய ஸ்டூல், மறு கையில் மிஷப்பக் இனிப்புப் பெட்டி. வயசுப் பையன் இனிப்புப் பெட்டியோடு வாசலில் நின்றால் இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். அம்மாவின் முகம் பூத்தது.

நெஸ்மா பெட்டியைத் திறந்தாள். உள்ளே... மோட்டார்! அம்மாவின் முகம் வாடியது.

"ரெண்டு நாளா மாத்தி மாத்தி மாட்டிப் பார்த்துட்டேன்," என்றான் தரையைப் பார்த்து. "சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்கோங்க. ஆனா சொல்லிக் குடுங்க."

வாயைத் திறக்காதே என்று அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். இவனும் எழுந்து போய்விட்டால்? ஆனாலும் நெஸ்மா சொன்னாள்.

"நிறத்தை நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நாலு வயர்ல ஏதாவது ரெண்டோட முனையை ஒட்ட வச்சு, மோட்டார் தண்டைக் கையால திருகுங்க."

தண்டு லேசாகச் சுற்றியது.

"இது ஜோடி இல்ல. வேற ரெண்டு."

சிவப்பும் மஞ்சளும் தொட்டன. தண்டு விரலுக்குள் முரண்டு பிடித்தது.

"இறுகுதே!"

"அப்போ அது ரெண்டும் ஒரே சுருள். மிச்சம் ரெண்டும் இன்னொரு ஜோடி. இவ்வளவுதான்..."

அவன் மோட்டாரைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தான்.

"அன்னிக்கு நீங்க சிரிச்சப்போ கோபம் வந்துச்சு. நீங்க போனப்புறம் பட்டறையே வெறிச்சுன்னு ஆயிடுச்சு. தப்புன்னா மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆள்... எனக்கு வேணும், நெஸ்மா."

"ஆயுசு பூரா சொல்லுவா, தம்பி. யோசிச்சுக்கோ!" என்றாள் அம்மா.

"யோசிச்சுட்டேன்மா. கீழே பைக்ல இன்னொரு பெட்டி இருக்கு. அதுல நிஜமாவே இனிப்புதான்... கொண்டு வரட்டுமா?"

நெஸ்மாவின் கண்கள் நிறைந்தன. ஜன்னலுக்கு வெளியே தூறல் வலுத்துக்கொண்டிருந்தது.

"இனிப்பை மழையில வச்சிட்டு வருவாங்களா? ஓடிப் போய் எடுத்துட்டு வாங்க!"