நிரப்பாத காற்று

முந்தின நாள் சாயங்காலம் சிவப்புக் கோட்டுக்கு அருகில் விட்டுப்போன அழுத்தமானி முள், காலையில் பச்சையின் உச்சியில் நின்றது. பெவர்லி இரும்புப் பெட்டியின் கதவைப் பிடித்தபடியே, துப்பாக்கிக் குழலுக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவே இருந்த அந்த அழுத்தமானியைக் கட்டைவிரலால் தட்டினாள். முள் அசையவில்லை. காற்றுத் துப்பாக்கியில் காற்று இறங்கும். ரப்பர் வளையம் தேய்ந்தால் விடிவதற்குள் காலியாகிவிடும். நிரப்பாமல் ஏறாது.

“நீ இதுல கை வெச்சியா?”

தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த தம்பி க்ளைவ் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். “ஆமா. ராத்திரி எந்திரிச்சு, சிலிண்டரத் தோள்ல தூக்கிட்டு வந்து, காத்து அடிச்சு வெச்சிட்டு, அப்படியே ரெண்டு சுத்து டான்ஸ் ஆடிட்டுப் படுத்தேன்.”

சிரிக்கப் போனான், இருமல் பிடித்துக்கொண்டது. இரண்டு குட்டை இருமல், ஒரு நீளமான இருமல், கடைசியில் ஈரத்துணியைப் பிழிவதுபோல ஓர் இழுப்பு. அந்த வரிசை அவளுக்கு மனப்பாடம். அது அடங்கும்வரை ஜன்னலுக்கு வெளியே வான்கோழிக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டப்பகலில், அவசரமே இல்லாமல், கொழுத்த எலி ஒன்று முற்றத்தைக் கடந்து போனது.

வசந்தத்தில் கொட்டகையின் சாக்கடையை க்ளைவ் வெறுங்கையால் அள்ளியபோது எலிக்காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளாகி, இருமலில் ரத்தம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து பாதி நுரையீரலோடு திரும்பினான். மாடிப்படி ஏற முடியாது என்பதால் கட்டிலை முன்னறைக்கு இறக்கினார்கள். துப்பாக்கி உரிமத்துக்காகப் பார்க்க வந்த போலீஸ்காரர், செங்கல் சுவர் இங்கே மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லி, இரும்புப் பெட்டியை க்ளைவின் தலைமாட்டில் பொருத்த வைத்தார். எலிகளுக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. வைத்த விஷத்தைத் தின்று கொழுத்தன. எலி என்ற நினைப்பு வந்தாலே பெவர்லிக்குப் பல்வரிசை இறுகி, காதுக்குப் பின்னால் வலித்தது.

துப்பாக்கி வாங்கப் போன அன்றைக்குக் கடைக்காரன் டுல்லி இரண்டு ரகத்தையும் மேஜைமேல் கிடத்தினான். ஒன்று க்ளைவிடம் ஏற்கெனவே இருக்கும் ரகம், உரிமம் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம். மற்றது அதைப்போல நாலு மடங்கு விசை, கால் அங்குல ஈயக் குண்டு.

“எலி மண்ட என்ன அளவு இருக்கும், பெவ்? ஒரு வால்நட். சின்னது போதும், தலையப் பாத்து அடி. பெருசு எலியத் தாண்டி, தகரத்தத் தாண்டி, பக்கத்துப் பண்ண வரைக்கும் போவும்.”

“பெருசக் குடு.”

“எதுக்குங்கறேன்? ரெண்டுலயும் சாவத்தானே போவுது?”

“செத்தாப் பத்தாது, டுல்லி. சிதறணும்.”

டுல்லி அவளை ஒரு மாதிரி பார்த்தான். பெட்டியைப் பிரிக்காத புதுத் துப்பாக்கி. கைக்கு ஒத்து வரவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினான்.

அவள் அதை ஒருமுறைதான் நிரப்பியிருந்தாள். முக்குளிப்பவர்கள் முதுகில் கட்டும் காற்றுச் சிலிண்டர் கருவிக்கொட்டகையில் பூட்டிக் கிடந்தது, சாவி அவள் கழுத்தில். ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் சுட்டுக் காலியாக்கியதை ஒவ்வொரு காலையும் முழுசாக எடுத்தாள். இப்படியே ஒரு வாரம் போனது.

“ஹீட்டர் சூட்டுல காத்து விரியுது போல,” என்றான் க்ளைவ். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினான். முந்தின வாரம் ஒரே மூச்சில் அவளைக் கிண்டல் செய்தவன். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியைப் பார்த்துவிட்டு, அவள் பார்ப்பதற்குள் போர்வைக்கு அடியில் தள்ளினான்.

அன்று மதியம் அவன் தூங்கும்போது பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அறையில் தைல வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் அடித்தன. ஹீட்டரை அணைத்திருந்தாள். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே பனி பூத்திருந்தது. க்ளைவின் நெஞ்சு கரகரவென்று ஏறியது, இறங்கியது. இறங்கியபோது முள் ஒரு மயிரிழை மேலே நகர்ந்தது. அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். நெஞ்சு மறுபடி ஏறியது, கொஞ்சம் குறைவாக. இறங்கியது. முள் நகர்ந்தது.

துப்பாக்கியை வெளியே கொண்டுபோய் சேற்றில் எறிந்திருக்கலாம். கை அதற்காகத்தான் நீண்டது. க்ளைவ் கண் விழித்து, அவள் கையிலிருந்ததைப் பார்த்தான்.

“அத... டுல்லிகிட்டயே... குடுத்துடு, பெவ்,” என்றான். “என்னோடத எடுத்துக்கோ.”

“உன்னோடது பொம்ம. அத வெச்சுக்கிட்டு நீ ஒரு எலியாவது ஒழுங்கா அடிச்சிருக்கியா? அடிச்சிருந்தா இப்படிக் கெடப்பியா?”

“எனக்காகச் சுடல நீ.” அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. “உனக்குப் புடிச்சிருக்கு.”

அந்தச் சொல் சுரீர் என்று பட்டது. யாருக்காக இத்தனை பாடு, யாருக்காக இந்த நாற்றம், யாருக்காக இந்தக் குளிர்! கொட்டகைப் பக்கமிருந்து வான்கோழிகளின் அலறல் கேட்டது. எலிகள் அவற்றின் கால்களைக் கடிக்க ஆரம்பித்துவிட்டன. அவள் இரண்டு துப்பாக்கிகளையும் பார்த்தாள். சின்னது மூலையில் தூசியோடு சாய்ந்திருந்தது. பெரியதன் முள் பச்சையில் நிமிர்ந்து நின்றது.

இன்னிக்கு மட்டும், என்று பெரியதை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டு. கொட்டகைக்குள் கோழி எச்சத்தின் காரம் மூக்கைக் குத்தியது. எலிகள் தூக்கிக்கொண்டு ஓடாதபடி பலகையில் அறைந்திருந்த பாட்டில் மூடிகளில் வேர்க்கடலை வெண்ணெயைத் தடவிவிட்டு, தீவன மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, எலிக் கண்ணுக்குப் படாத சிவப்பு விளக்கைப் போட்டாள். அவள் மூச்சு வெள்ளையாகச் சுருண்டு குழலின்மேல் படிந்தது. உத்தரத்தில் நகங்கள் கீறும் சத்தம், வைக்கோலுக்குள் சரசரப்பு, பிறகு ஒரு மூக்கு, இரண்டு கண்கள்.

சுட்டாள்.

சத்தமடக்கியில் வழக்கமாக ‘துப்’ என்று கேட்கும். இப்போது அது இருமியது.

எலி சிதறியது. அவள் அடுத்த குண்டைத் தள்ளினாள். மறுபடி சுட்டாள். குட்டை இருமல். மூன்றாவது நீளமாக வந்தது, கடைசியில் ஈரத்துணியைப் பிழியும் அந்த இழுப்போடு.

“சும்மா இரு,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

எலிகள் ஓடவில்லை. செத்தவற்றின்மேல் ஏறி உட்கார்ந்து அவளைப் பார்த்தன.

சுட்டாள். ஒரு விம்மல்.

சுட்டாள். “பெ...”

கேட்டது. நன்றாகக் கேட்டது. இருந்தும் சுட்டாள். வருஷம் முழுக்க நெஞ்சில் கிடந்த கோபம் விரலில் இறங்கியிருந்தது. இனிப்பாக இருந்தது. சுட்டாள். சுட்டாள். பலகையில் சிந்திய ரத்தத்திலிருந்து ஆவி பறந்தது. வான்கோழிகள் வாயடைத்துப் போயின.

குண்டு தீர்ந்தது.

வீட்டுக் கதவு திறக்கும் சத்தம்.

கொட்டகை வாசலில் க்ளைவ் நின்றான். பைஜாமா. வெறுங்கால், உறைபனியின்மேல். கழிப்பறைக்குப் போகவே அவள் தோள் வேண்டியிருந்தவன் நேராக, எதையும் பிடிக்காமல் நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது. நெஞ்சுக்கூடு உள்வாங்கி, சட்டை முதுகோடு ஒட்டியதுபோல் தொங்கியது.

அவன் கத்திக்கொண்டிருந்தான். வாய் அகலமாகத் திறந்து மூடியது.

சத்தம் இல்லை.

அவள் வாயிலிருந்து ஆவி வந்தது. அவன் வாயிலிருந்து வரவில்லை.

“க்ளைவ்?”

அவன் உதடுகள் அசைந்தன. பதில் அவள் மடியிலிருந்து வந்தது, குழலின் கருத்த வாயிலிருந்து, அவன் குரலிலேயே.

“போதும், பெவ். கொஞ்சம் மிச்சம் வை.”

குழலின் நுனியில் வெள்ளையாக ஆவி எழுந்தது. உள்ளே போனது. எழுந்தது. உள்ளே போனது. அவள் விரலை எடுக்கப் பார்த்தாள். விரல் விசையிலேயே கிடந்தது.