மறுப்புமானி

மறுப்புமானியின் முள் அறுபத்தெட்டில் நின்றது. எழுபதைத் தொட்டால்தான் ஜவ்வரிசிக்கு நல்ல விலை. இந்த வருடமும் விலை படியவில்லையென்றால் ஆத்தூரில் அர்த்தநாரி தன் ஆலையை மூட வேண்டியதுதான்.

நிறையங்காடி என்ற கடைச் சங்கிலி, சரக்கு கொடுப்பவர்களின் வீட்டிலெல்லாம் அந்தக் கருவியை மாட்டியிருந்தது. "கட்டாது, போங்க" என்று ஓர் ஆலைக்காரரால் எத்தனை நாள் சொல்ல முடியும் என்பதை அது அளக்கும். பிள்ளைகளின் படிப்பு, பெரியவர்களின் மருந்து, ராத்திரி கழுவும் தட்டுகள் எல்லாம் அதற்கு அத்துப்படி. நிறைய பேருக்குச் சோறு போட வேண்டியவர் சொன்ன விலைக்குத் தலையாட்டுவார். அவருக்கு அடிமாட்டு விலை. தனி ஆளுக்கு நல்ல விலை. அடப்பாவிகளா, இதற்கொரு கருவி!

விஷயம் தெரிந்ததும் மனைவிமார் பிறந்த வீட்டுக்கும் பிள்ளைகள் விடுதிக்கும் போனார்கள். பருப்பு ஆலை, எண்ணெய் ஆலை, ஊர் ஊராக இதே கதை. அர்த்தநாரி யாரையும் அனுப்பவில்லை. மனைவி இறந்து ஆறு வருடமாகிறது, ஒரே மகள் பூங்கோதை ஓசூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அனுப்ப ஆள் ஏது?

அவள்தான் இப்போது தொலைபேசியில் பேசினாள்.

"ஞாயித்துக்கெழம வளைகாப்புப்பா. முடிச்ச கையோட நம்ம வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவீங்கதானே?"

தலைப்பிரசவம். தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். அவளுக்காக மேல் அறைக்கு அவரே சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்.

"வெள்ளிக்கெழம வெல பேசறாங்க கண்ணு. நீ வர்றது தெரிஞ்சாலே முள்ளு எறங்கிரும். இப்ப வேண்டாம்."

"அம்மா இருந்திருந்தா இப்படிச் சொல்லுவாங்களாப்பா?"

"வேண்டாம் கண்ணு," என்றார் மறுபடியும். அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

முள் எழுபத்தைந்துக்கு ஏறியது. பெற்ற மகளையே மறுத்தவர் யாரைத்தான் மறுக்க மாட்டார்!

வெள்ளிக்கிழமை நிறையங்காடியின் கொள்முதல் அதிகாரி நிருபமா திரையில் வந்தாள்.

"நீங்க கேட்ட விலையே சார். ஆனா கிலோ பாக்கெட் வேண்டாம். ஐம்பது கிராம் மட்டும் போடுங்க."

"அது ஒரு ஆளுக்குத்தானுங்களே காணும்?"

"இப்ப வீட்டுக்கு ஒரு ஆள்தானே சார்? பெரிய பாக்கெட் எங்க கடையில அசையவே மாட்டேங்குது. பாதிக் கடையை மூடியாச்சு." சற்றுத் தயங்கினாள். "இந்த வேலையில சேர்ந்ததுலேருந்து எங்க வீட்லயும் நான் மட்டும்தான்."

அர்த்தநாரி உடனே ஓசூருக்குப் பேசினார். "வெல முடிஞ்சுது கண்ணு. ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துட்டு வர்றேன்."

"அத்தையே பாத்துக்கறேன்னுட்டாங்கப்பா. நீங்க ஆலையப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை முதல் ஐம்பது கிராம் பாக்கெட் தயாரானது. வளைகாப்பு நேரத்துக்கு அதைப் பிரித்துப் பாயசம் காய்ச்சினார். ஓர் ஆளுக்கான அளவுதான். அதிலும் பாதி மிஞ்சியது.